எட்டாம் ஃபாரம்

புஸ்தகம் எப்படி இருக்கு தம்பி? வேண்டாம், சொல்லாதிய. நல்லாருக்குன்னு நீங்க சொன்னா எனக்குச் சண்டை போடணும்போல இருக்கும். இப்பம் அதுக்குத் தெம்பு இல்ல. நீங்க பாட்டுக்குப் படியுங்க. ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு இந்தப் பக்கமே போதும். பையை மட்டும் மடில வச்சிக்கிடுதேன். கண்டக்டரே, ஜங்ஷன் ஒண்ணு.

பஸ்ஸுல ஒரு ஆளு புஸ்தகம் படிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு. எல்லாரும் போனைல்லா தடவிக்கிட்டு வாராவ. அட்டையைப் பாத்தேன், குதிரை போட்டிருக்கு. இந்த மாரி ஒண்ணு நானும் படிச்சேன். தொள்ளாயிரம் பக்கம். ராஜா அமாவாசைக்குக் குதிரைல ஏறுதான், பௌர்ணமிக்குத்தான் எறங்குதான். நடுவுல எங்கயாவது அந்தக் குதிரைக்குத் தண்ணி காட்டணுமே, ஒரு வாய் புல்லு போடணுமே. கெடயாது. குதிரையை நெனச்சு நெனச்சு நான் அந்த ராஜாவையே வெறுத்துட்டேன்.

என் பேரு கோமதிநாயகம். தென்காசிதான். பத்திரப்பதிவு ஆபீஸுல முப்பத்தோரு வருஷம் கிளார்க்கு. எங்க வேலை என்னன்னா, ஒரு பத்திரம் வந்ததும் மொதல்ல தாளை எண்ணணும். ஒம்போது தாள்னு எழுதிருந்தா ஒம்போது இருக்கணும், ஒவ்வொரு தாள்லயும் கையெழுத்து இருக்கணும். நாலாம் தாள் இல்லாம எத்தனை பத்திரத்தத் திருப்பி அனுப்பிருக்கேன் தெரியுமா. பெரிய பெரிய வக்கீலெல்லாம் நின்னு முழிப்பாவ. அந்தக் கண்ணை வச்சிக்கிட்டுக் கதையும் படிச்சா எப்படிப் பிடிக்கும், சொல்லுங்க. ஒரு நாவல்ல அப்பாக்காரன் சாகக் கெடக்கான். கெடந்தபடியே வீட்ட எளையவன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டுக் கண்ணை மூடுதான். ஊரே அழுதுச்சாம் அந்தக் கதைக்கு. சாட்சி எங்கய்யா? பதிவு எங்க? மூத்தவன் கோர்ட்டுக்குப் போனா ரெண்டு வாய்தால வீடு போயிரும். எனக்குக் கண்ணீர் எங்குன இருந்து வரும்.

மழையும் அப்படித்தான். யாருக்காவது மனசு கஷ்டப்பட்டா ஒடனே மழையப் பெய்ய வச்சிருவாவ. நாங்க குத்தாலத்துக்குப் பக்கத்துல இருக்கோம். மூணு மாசம் சாரல் விழும், அதுல பாதி நாளு நாங்க சந்தோஷமாத்தான் இருப்போம். முதப் பக்கத்துல ஒருத்தன் இருமுனாம்னு வைங்க, கடைசிப் பக்கத்துல அவன் போய்ச் சேந்துருவான். இதுக்கு எதுக்கு எரநூறு பக்கம். என் மருமகன் ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு, காலைல நாலு மணிக்கு எந்திச்சா வாழ்க்கை மாறிரும்னு. எங்க தெருவுல பால்க்காரர் நாப்பது வருஷமா நாலு மணிக்குத்தான் எந்திக்காரு. அவருக்கு என்ன மாறுச்சு. மருமகன் குடுத்ததாச்சேன்னு முழுசும் படிச்சேன், வேற வழி.

எங்க ஊரு லைப்ரரி மாடில வாசகர் வட்டம்னு ஒண்ணு நடத்துனோம். மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கூட்டம். ஒரு ஆளு ஒரு புஸ்தகத்தப் பத்திப் பேசணும், அவ்வளவுதான். மத்தவுக பேசுதன்னைக்கு இருவது பேரு வருவாவ. நான் பேசுதன்னைக்கு எம்பது பேரு. ஏன்னா நான் எடுக்குதது எல்லாம் எனக்குப் பிடிக்காத புஸ்தகம். பக்கத்துக் கல்யாண மண்டபத்துல இருந்து நாக்காலி எடுத்துட்டு வருவோம். 'இன்னைக்கு யாரு தல உருளப் போகுது'ன்னு கேட்டுக்கிட்டே மாடிப்படி ஏறுவாவ. பெருமைக்குச் சொல்லல. பெருமையாத்தான் இருந்துது, இல்லங்கல.

அதுல ஒரு விதி உண்டு. நான் போட்ட விதி. ஒரு தடவை ஒரு கவிஞரு வந்திருந்தாரு. பக்கத்துக்கு ஒரே ஒரு சொல்லு, மிச்சமெல்லாம் வெள்ளைத் தாளு, அந்த மாரி புஸ்தகம். நான் பத்து நிமிஷம் பேசுனேன். அவரு எந்திச்சு ஒண்ணேமுக்கா மணி நேரம் பதில் பேசுனாரு. எழுதுன சொல்ல விட அன்னைக்குப் பேசுன சொல்லுதான் கூட. டீ ஆறி, ஆளெல்லாம் போயாச்சு. அதுக்கப்புறம்தான் போர்டுலயே எழுதிப் போட்டேன். எழுதுனவுக கூட்டத்துக்கு வரலாம், உக்காரலாம். வாயத் தொறக்கக்கூடாது. எழுதும்போது சொல்லாதத எந்திச்சு நின்னு என்ன சொல்லப் போறாவ. விதி நல்ல விதிதான். இப்பமும் சொல்லுதேன்.

ஆலங்குளம் வந்துட்டு. டீ குடிக்கணுமா? வேண்டாமா. என்னமோ சொல்ல வந்திய. இருங்க, இத முடிச்சுக்கிடுதேன், இல்லன்னா தொடர்ச்சி விட்டுப் போயிரும்.

இசக்கிமுத்துன்னு ஒருத்தன். எனக்கு ஒண்ணாங் கிளாஸுல இருந்து சிநேகம். முனிசிபாலிட்டில பம்ப் ஹவுஸ் ஆபரேட்டரு. எந்தத் தெருவுக்கு என்னைக்குத் தண்ணின்னு பாத்து வால்வைத் தொறந்து விடுதது அவன்தான். வாசகர் வட்டத்துக்கு நாக்காலி தூக்குதது, டீ சொல்லுதது, பெஞ்சு தொடைக்கிறது, எல்லாம் அவன். மேடையேறிப் பேச மாட்டான். நான் பேசுதன்னைக்கு மொத வரிசைல உக்காந்து, நான் சொல்லுததுக்கெல்லாம் தலையத் தலைய ஆட்டுவான்.

அந்தப் பய ஒரு நாவல் எழுதிட்டான். ரெண்டு வருஷமா யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. 'தண்ணீர் விடும் நாள்'னு பேரு. உள்ளூரு அச்சாபீஸுல முந்நூறு காப்பி போட்டான். கொண்டாந்து மொதக் காப்பிய என் கைல குடுத்து, 'கோமதி, நீ பேசணும்'னான். நான் சொன்னேன், 'ஏ, நான் பேசுனா எப்படிப் பேசுவேன்னு ஒனக்குத் தெரியும்லா.' 'தெரியும். நீ பேசுனாத்தான் எனக்கு நிம்மதி'ன்னான். அவன்தான் கேட்டான் தம்பி. நானாப் போகல.

ஆபீஸுல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, கைல பென்சிலோட, நாலு நாள்ல படிச்சேன். ஒரு ஊரு. ஆறு நாளைக்கு ஒருக்க தண்ணி. வால்வு தொறக்கிற ஆளு ஒருத்தன், அவன் பொண்டாட்டி பூவம்மா. முதல் நூறு பக்கம் குழாயடிச் சண்டை. சண்டை நல்லா எழுதிருந்தான், ஆனா நூறு பக்கத்துக்கா சண்டை போடுவாவ? எனக்குச் சலிப்புத் தட்டிட்டு. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல பூவம்மா குடத்தோட வீட்டு முத்தத்துக் குழாயடில நிக்கா. பக்கத்தத் திருப்புனா அவ புருஷன் ஒத்தையில உக்காந்து ரசத்துக்குப் புளி கரைக்கான். பூவம்மாவைக் காங்கல. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அவளைப் பத்திப் பேச்சே இல்ல, கொடில காயுத சேலைய மட்டும் அப்பப்ப பாத்துக்கிட்டு நிக்கான். செத்துட்டா போலன்னு நாமளா நெனச்சுக்கிடணும். நான் அந்தப் பக்கத்து அடில பென்சில்ல எழுதுனேன், 'இங்கே கதை கந்தல்'னு. எனக்கு ஒரு சந்தோஷம். நல்லா வசமா ஒண்ணு மாட்டிட்டுல்லா.

கூட்டத்தன்னைக்கு நூறு பேருக்கு மேல. அவன் பம்ப் ஹவுஸ்ல மோட்டார் ரிப்பேருன்னு லேட்டா, நான் பேசிக்கிட்டு இருக்கும்போதுதான் வந்தான். கக்கத்துல மஞ்சப்பை, சட்டையெல்லாம் கிரீஸு. நாக்காலி இல்ல, செவத்தோட சாஞ்சு நின்னான். நான் அப்பம்தான் அந்த எடத்துக்கு வாரேன். 'குடம் இருக்கு, பொம்பளையைக் காங்கல. இத போலீஸ்ல சொல்லணுமா, ஆசிரியர்ட்ட சொல்லணுமா?'ன்னேன். கூட்டம் சிரிச்சு உருளுது. அவன் கையத் தூக்குனான். நான் போர்டைக் காட்டி, 'விதி இருக்குல்லா ஆசிரியரே'ன்னேன். அதுக்கும் சிரிச்சாவ. கையக் கீழ போட்டுட்டான்.

அதோட விட்டிருக்கலாம். சிரிப்பு வந்துட்டுன்னா எனக்கு நிப்பாட்டத் தெரியாது. 'ஒரு சாவை எழுதுததுக்குத் தெம்பு வேணும். அந்த எடம் வந்ததும் நம்ம ஆசிரியர் வால்வை அடைச்சிட்டாரு'ன்னேன். கைதட்டு அடங்க ரெண்டு நிமிஷம் ஆச்சு.

அவன் சம்சாரம் தங்கபுஷ்பம் தவறி அப்பம் மூணு வருஷம். நான் அத நெனக்கல. சத்தியமா நெனக்கல. நான் புஸ்தகத்தப் பத்தித்தான பேசுனேன்.

கூட்டம் முடிஞ்சு அவன்தான் நாக்காலியெல்லாம் மடக்குனான். எனக்கு டீ கொண்டாந்து குடுத்தான். கோவிச்சுக்கிட்டானான்னு பாத்தேன், ஒண்ணும் தெரியல. 'அடுத்தது எப்பம்ல எழுதப் போற?'ன்னு கேட்டேன். 'மோட்டாரு வேலை கெடக்கு'ன்னான். அடுத்த மாசமும் வந்தான், அதுக்கடுத்த மாசமும் வந்தான். நாக்காலி போட்டான், தலை ஆட்டுனான். பொறவு ஒரு வரி எழுதல. இருவத்திரெண்டு வருஷம் ஆச்சு தம்பி.

என்ன? பேட்டையா இது? பேட்டைதான். இருங்க தம்பி, ஒரு நிமிஷம், முக்கியமான எடத்துல இருக்கேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால லைப்ரரில எஸ்தரம்மா கூப்பிட்டாவ. அவுகதான் இப்பம் நூலகரு. பத்து வருஷமா யாரும் எடுக்காத புஸ்தகத்தையெல்லாம் கழிக்கணும், கமிட்டில நான் இருக்கேன், கையெழுத்துப் போடணும். எனக்கு இந்த வேலைன்னா கொள்ளை ஆசை. ஒவ்வொண்ணா எடுத்து, இது தொலையட்டும், அது தொலையட்டும்னு போட்டுக்கிட்டே வாரேன். இசக்கி புஸ்தகம் வந்துது. லைப்ரரிக்கு அவன் குடுத்த காப்பி, புதுசு மாரியே இருக்கு. சரி, அந்தக் கந்தலான எடத்த ஒரு தடவை படிச்சுச் சிரிச்சிட்டுக் கழிப்போம்னு நூத்திப் பன்னெண்டைத் திருப்புனேன். அடுத்த பக்கம் நூத்திப் பதிமூணு.

ஒங்களுக்குப் புரியுதா? என் காப்பில நூத்திப் பன்னெண்டுக்கு அடுத்தது நூத்தி இருவத்தொம்போது. பதினாறு பக்கம் கெடயாது. அச்சாபீஸ்ல பதினாறு பக்கத்த ஒரே பெரிய தாள்ல அடிப்பாவ, அத ஃபாரம்பாவ. ஃபாரத்த மடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கித் தச்சாத்தான் புஸ்தகம். எட்டாவது ஃபாரத்துல கொஞ்சம் தாளு ஈரம் பட்டு வீணாப் போச்சு போலிருக்கு. சில காப்பில அந்த ஃபாரம் இல்லாமலே தச்சிட்டாவ. அதுல ஒண்ணு எனக்கு வந்துட்டு. முப்பத்தோரு வருஷம் தாள் எண்ணுனவன் நான். பக்க நம்பரை நான் பாக்கல.

பாக்கலன்னா, எதுக்குப் பாக்கணும். கதை கந்தல்னு நான் முடிவு பண்ணியாச்சுல்லா.

எஸ்தரம்மா டேபிள்ல நின்னபடியே அந்தப் பதினாறு பக்கத்தப் படிச்சேன். அன்னைக்கு மேலத்தெருவுக்குத் தண்ணி. ஆறு நாளு கழிச்சு வார தண்ணி. வால்வைத் தொறந்துட்டு ஆளு நிக்கான். பூவம்மாவுக்கு நெஞ்சு வலிக்குன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடியாந்து சொல்லுது. இப்பம் அடைச்சா மேலத்தெருவுக்கு இன்னும் ஆறு நாளு ஆகும். சூடுதண்ணி குடுங்க, இந்தா வந்துருதேங்கான். ஒரு மணி நேரம் நிக்கான். அவன் வீடும் மேலத்தெருதான். போய்ப் பாக்கான், எல்லாக் குடமும் நெறஞ்சிருக்கு. அவ ஒவ்வொண்ணாப் பிடிச்சு வச்சிருக்கா. கடைசிக் குடத்துக்குப் பக்கத்துலயே அவ கெடக்கா. குழாயை அடைக்க ஆளில்ல. அவன் தொறந்து விட்ட தண்ணி அவன் வீட்டு முத்தத்துலயே ஓடிக்கிட்டு இருக்கு.

தங்கபுஷ்பம் தவறுனன்னைக்கு நான் போயிருந்தேன் தம்பி. முத்தமெல்லாம் ஒரே சகதி. வெளுத்த வேட்டி கட்டிட்டுப் போயிருந்தேன், சேறு பட்டுறக்கூடாதுன்னு ஓரமாவே நின்னுட்டு வந்துட்டேன். வீட்டுல வந்து, 'துட்டி வீட்டுல இப்படியா தண்ணியக் கொட்டி வைப்பாவ'ன்னு என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். அது என்ன தண்ணின்னு அந்த லைப்ரரில நின்னுல்லா தெரிஞ்சுக்கிட்டேன்.

மிச்சப் புஸ்தகம் சுமார்தான். குழாயடிச் சண்டைல அம்பது பக்கத்த வெட்டலாம். அத இப்பமும் சொல்லுவேன். ஆனா அந்தப் பதினாறு பக்கம், தம்பி, அந்த மாரி நான் படிச்சதில்ல. எனக்குப் பிடிக்காததுக்கெல்லாம் காரணம் சொல்லத் தெரியும். இதுக்கு ஏன் பிடிச்சுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

கழிக்க வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்தேன். எனக்கு அவன் மேலதான் கோவம் வந்துது. என் மேல தப்பு இருக்கு, இல்லங்கல. ஆனா அவன் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கும்போது சொல்லிருக்கலாம். மறுநாளு சொல்லிருக்கலாம். இருவது வருஷம் என்கூடயே சாயங்காலம் நடந்து வந்தானே, 'ஏ கோமதி, ஒன் காப்பில ஒரு ஃபாரம் இல்லலே'ன்னு சொல்ல வாய் இல்லியா? என்னைய ஒரு கோட்டிக்காரனா, மடையனாவே வச்சிருந்துட்டான். நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? இருங்க, இன்னும் இருக்கு.

சரி, நாமளாவது சொல்லிருவோம்னு நெனச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிருக்கணும். அவன் வந்தான், நடந்தோம், நான் வேற ஏதோ ஒரு புஸ்தகத்தத் திட்டிக்கிட்டே வந்தேன். நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு ஒரு வருஷம் போச்சு. போன வருஷம் ஆடில அவனுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்துட்டு. பேச்சு இல்ல. மக செண்பகம் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அந்தப் பிள்ளை தங்கமாப் பாக்கா. நான் மாசத்துக்கு ஒருக்க போயி, உக்காந்து பேசிட்டு வருவேன். ரெண்டாவது ஞாயித்துக்கிழமைதான் போறது. பழக்கம்.

பெரிய கூட்டமா எறங்கிட்டாவ போலிருக்கு. நல்லது, இப்பம்தான் காத்து வருது.

நாலு மாசத்துக்கு முன்னால செண்பகத்துக்கிட்ட மெதுவாக் கேட்டேன், 'அப்பா புஸ்தகத்துல சில காப்பி சரியில்லியாம்மா?'ன்னு. 'ஆமா மாமா. மொதக் கட்டுல வந்ததெல்லாம் அப்படித்தான், ஒங்களுதும் அதுலதான்னு பைண்டிங் பண்ணுனவரு கூட்டத்தன்னைக்குக் காலைலதான் அப்பாட்ட சொன்னாராம். ஒங்களுக்குக் குடுக்கணும்னு அந்த எட்டாம் ஃபாரத்த மடிச்சு மஞ்சப்பைல வச்சு எடுத்துட்டு வந்தாவ. மோட்டாரு ரிப்பேரால லேட்டாயிட்டு. அப்புறம் ஒங்ககிட்ட குடுக்கலியா?'ன்னா. உள்ள போயி பீரோவத் தொறந்து அதே மஞ்சப்பைய எடுத்துட்டு வந்து குடுத்தா. இந்தா, என் மடில இருக்குல்லா, இதான். வெட்டாத தாளு. இருவத்திரெண்டு வருஷம் மடிச்ச மடிப்பு அப்படியே இருக்கு.

அப்பம் அவன் கையத் தூக்குனது எதுக்குன்னா இதுக்கு. பதில் பேச இல்ல. இந்தத் தாளைக் குடுக்க.

போன மாசம் துணிஞ்சு இத எடுத்துட்டுப் போனேன். கட்டில் பக்கத்துல உக்காந்து, பிரிச்சு, அவன் முன்னால காட்டுனேன். பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். இடது கை நல்லா இருக்கு அவனுக்கு, அந்தக் கையத் தூக்குனான். வாய் கோணிக்கிட்டு என்னமோ வருது, வரல, வருது. எனக்குத் தாங்கல. அவனுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுல்லா, அதனால, 'சரி சரி, நீ அலட்டிக்கிடாத'ன்னு தாளை மடிச்சு உள்ள வச்சிட்டு, வேற பேச்சை எடுத்துட்டேன். இந்த வருஷம் வந்த நாவல் ஒவ்வொண்ணும் எப்படி மோசம்னு ஒரு மணி நேரம் பேசுனேன். அவன் கொஞ்ச நேரம் கையத் தூக்குனபடியே வச்சிருந்தான். பொறவு போட்டுட்டான்.

இன்னைக்கு அப்படி விட மாட்டேன். பதினாறு பக்கத்தையும் சத்தமா வாசிச்சிருவேன். வாசிச்சிட்டு, 'இசக்கி, தப்பு என்னுதுதாம்ல'ன்னு சொல்லிட்டு, வாயப் பொத்திக்கிட்டு உக்காந்துருவேன். அவன் கையத் தூக்கட்டும், என்னமும் சொல்லட்டும், எவ்வளவு நேரமானாலும் நான் நடுவுல பேச மாட்டேன். பேசிப் பேசி எனக்கே சலிச்சுப் போச்சு தம்பி. பதினோரு மணிக்குக் கஞ்சி குடுத்துருவா, குடிச்சா தூங்கிருவான். அதுக்குள்ள போயிரணும். ஜங்ஷன்ல எறங்குன ஒடனே பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸு நிக்கும், அதப் பிடிச்சா பத்தரைக்கெல்லாம் வீடு.

இப்பம் சொல்லுங்க. அப்பம் பிடிச்சு என்னமோ சொல்ல வந்திய. நான் முடிச்சிட்டேன்.

தாண்டிட்டா? ஜங்ஷன் தாண்டிட்டா? எப்பம் தாண்டுச்சு?

அப்பம் இது புது பஸ் ஸ்டாண்டு போற ரோடா. மணி பத்தேமுக்கால் ஆச்சே. இனிமே நான் திரும்பிப் போய்ச் சேரதுக்குள்ள அவன் தூங்கிருவானே. ஏந்தம்பி, ஜங்ஷன்னு நான் டிக்கெட் எடுத்தத நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருந்திய. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?

சொன்னியளா?

பேட்டைல ஒருக்கவா. டவுன்ல ஒருக்க. கூட்டம் எறங்கும்போது ஒருக்க.

கையையும் தூக்குனியளா.